நிஜமாவே நாலு மணி

எங்கள் தொழிற்சாலையிலிருந்து கடல் தெரியாது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஒரகடம் மேம்பாலம் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் வேறு தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள் தெரியும், மழை நாளாக இருந்தால் அதுவும் தெரியாது. ஆனாலும் பதினோரு வருடமாக என் வேலை கப்பல்தான். எந்தக் கப்பல் எந்த பெர்த்தில், அதாவது கரையோரம் கப்பல் கட்டுகிற எந்த இடத்தில், எப்போது வந்து நிற்கும், அதற்கு முன்னால் எத்தனை கப்பல் காத்து நிற்கிறது, துறைமுகத்தின் கேட் எங்கள் பெட்டிகளுக்கு எப்போது திறந்து எப்போது மூடும் என்றெல்லாம் பார்த்து, அதற்குத் தோதாகக் கண்டெய்னர்களை ஏற்றி அனுப்ப வேண்டும். சுற்றிலும் கார் உதிரி பாகங்கள் உருண்டுகொண்டிருக்க, நான் போனில் காற்று எப்படி, அலை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பேன்.

இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்பது கொஞ்ச காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காரணம், நான் யாரையும் நம்ப மாட்டேன். பால்காரர் ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டால், "ஏன் சீக்கிரம் வந்தான்னு இன்னிக்கு முழுக்க யோசிப்பாளே" என்று என் கணவர் பிள்ளைகளிடம் சொல்வார். பிறவிக் குணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. அந்தப் பெருவெள்ள வருடத்தில் நாங்கள் குன்றத்தூரில் ஆற்றுப் பக்கமாகக் குடியிருந்தோம். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்களாம் என்று தெருவில் ஒருவர் சொன்னார், அதெல்லாம் இல்லை என்று அடுத்தவர் சொன்னார், திறந்தாலும் விடிந்துதான் இங்கே வரும் என்று மூன்றாமவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் அந்த மூன்றாமவரை நம்பினேன். தண்ணீர் யாருடைய கணக்கையும் கேட்காமல் வந்தது. அதிலிருந்து யார் எந்த நேரம் சொன்னாலும் அதில் பாதியைத்தான் காதில் வாங்குகிறேன்.

அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு, எங்கள் தொழிற்சாலைக்குள் வர ஒரு மனிதருக்கு இருந்த கேட் பாஸை நிறுத்தினேன். டிரெய்லர் ஓட்டுகிறவருக்குக் கேட் பாஸ் போனால் அந்தத் தொழிற்சாலை மட்டும் போகாது. இங்கே ஒரு செக்யூரிட்டி ஆபீஸில் பேர் கெட்டால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எல்லா கேட்டிலும் கெட்டுவிடும், வண்டி முதலாளியும் சாவியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். இது தெரிந்தேதான் செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பெர்த் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கப்பல் வந்தால் நேராகக் கரைக்கு வந்து நிற்கும் என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் முன்னால் நிற்கிற பஸ் கிளம்பாமல் பின்னால் வருகிற பஸ் உள்ளே நுழைய முடியாது அல்லவா, இங்கேயும் அதே கதைதான். பெர்த் காலியாகும் வரை கப்பல் வெளியே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். காலியானாலும் அதன் நீளம் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும், அடியில் போதிய ஆழம் இருக்க வேண்டும், கிரேன் கிடைக்க வேண்டும். எல்லாம் கூடி வந்தால் பைலட் ஒரு சின்னப் படகில் கடலுக்குள் போய், கப்பலில் ஏறி, அதை உள்ளே கூட்டி வருவார். முன்னால் நிற்கிற ஒரு கப்பலில் ஒரு கிரேன் மக்கர் செய்தால் பின்னால் நாலு கப்பலின் நேரம் தள்ளிப்போகும். துறைமுகத்திலிருந்து தினமும் மதியம் வருகிற பெர்த்திங் லிஸ்ட்டை நான் ராசிபலன் படிக்கிற மாதிரி படிப்பேன், அதே அளவு நம்பிக்கையோடு.

கப்பலின் நேரம் நகர்ந்தால் கேட் மூடுகிற நேரமும் கூடவே நகரும். பெட்டியைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் டிரெய்லர் மீஞ்சூரைத் தாண்டி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டோர வரிசையில் நாள்கணக்கில் நிற்கும். தாமதமாக அனுப்பினால் கேட் மூடியிருக்கும். பெட்டி வெளியே, கப்பல் கடலில். அதற்கு எங்கள் பாஷையில் ஷட்-அவுட் என்று பேர். அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் மேனேஜருக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால்தான் பஃபர், அதாவது தாமதமானாலும் சமாளிக்க நேரத்தை முன்கூட்டியே குறைத்துச் சொல்வது. இதை நாங்கள் யாரும் பொய் என்று சொல்வதில்லை. துறைமுகத்தின் கேட் இரவு எட்டு மணிக்கு மூடும் என்றால், எங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே பாரிமுனையில் இருக்கிற ஃபார்வர்டிங் ஆபீஸ்காரர் எனக்கு நாலு மணி என்பார். நான் வண்டி முதலாளியிடம் பன்னிரண்டு மணி என்பேன். அவர் டிரைவரிடம் காலை ஒன்பது என்பார். ஒரே குழம்பில் வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கு ஒரு கை உப்பு போட்டால் எப்படி இருக்கும், அந்தக் குழம்பைக் கடைசியில் குடிக்கிறவர் டிரைவர். பெட்டி தவறாமல் போய்ச் சேர்ந்தது, அதனால் வரிசையில் யார் எவ்வளவு நேரம் கிடந்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்த டிரைவர்களில் ஒருவர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதோ குப்பத்துக்காரர். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் பதினொன்றரைக்கு வருவார், டீ குடிப்பார், பெட்டி ஏற்றிக்கொள்வார், போவார். மற்றவர்கள் காலையிலேயே போய் வரிசையில் காய்ந்துகொண்டிருக்க, இவர் கேட் மூட இரண்டு மணி நேரம் இருக்கும்போது போய் நின்று உள்ளே நுழைந்துவிடுவார். ஒரு தடவைகூட ஷட்-அவுட் ஆனதில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று நினைத்துக்கொள்வேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஒரு வாரம் கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனது. எனக்கு அந்தத் தகவல் மதியம் ஒன்றரைக்குத்தான் வந்தது. இவரோ அன்று காலையிலிருந்தே வரவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "நாளிக்கு வர்றேன் மேடம், இன்னிக்கு வேலைக்காவாது" என்றார். நான் அப்போது அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினேன். ஒன்றரை மணிக்கு மெயிலைத் திறந்ததும் அவர் காலையில் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். எனக்கே தெரியாத விஷயம் இவருக்கு எப்படிக் காலையிலேயே தெரிந்தது?

அடுத்த இரண்டு மாதம் நான் போலீஸ் வேலை பார்த்தேன். டிஸ்பாட்ச் அறைக்கு வெளியே போர்டில் லிஸ்ட்டை ஒட்டுவதை நிறுத்தினேன். என் கம்ப்யூட்டருக்குப் புதுப் பாஸ்வேர்ட் போட்டேன். ஒரு வாரம் வேண்டுமென்றே போர்டில் தப்பான நேரத்தை எழுதி வைத்தேன். அவர் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவராக இருந்தால் அந்த வாரம் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. போர்டு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான நேரத்துக்கு வந்து சரியான நேரத்துக்குப் போனார். நியாயமாக என் சந்தேகம் அதில் குறைந்திருக்க வேண்டும். இன்னும் பெரிய இடத்தில் ஆள் வைத்திருக்கிறார் என்று அது வளர்ந்தது.

பிறகு அவர் வண்டி எங்கெங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ்ஸில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெளிவட்டச் சாலை முடிந்து மீஞ்சூர் தாண்டியதும் வண்டி மெயின் ரோட்டை விட்டு விலகி, ஒரு குப்பத்தின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தது. ஏற்றுமதிப் பெட்டியை வழியில் நிறுத்தினால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். பெட்டியைத் திறந்து சரக்கை எடுத்துவிட்டு மறுபடியும் சீல் வைக்கிற கும்பல்கள் உண்டு. துறைமுகத்தில் சொல்லி அவர் பெட்டியின் சீலை மூன்று தடவை தனியாகப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் சீல் சரியாக இருந்தது. எனக்கு அது போதவில்லை.

ஒருநாள் மதியம் கேட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் வண்டி நிழலில் நின்று கைகழுவிக்கொண்டிருந்தார்.

"கப்பல் எப்ப வருதுன்னு உங்களுக்கு யார் சொல்றாங்க?"

"யாரும் சொல்லல மேடம்."

"பின்ன எப்படி இவ்ளோ கரெக்டா வர்றீங்க?"

"பாத்துட்டு வர்றேன்."

"எதைப் பாத்துட்டு?"

"கப்பலத்தான். வூட்ல பாத்து சொல்லுவாங்க." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மிகவும் சாதாரணமாகச் சொன்னார்.

வீட்டம்மா அடுப்படியிலிருந்து கப்பல் பார்த்துச் சொல்கிறாராம். கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஆப் என் போனிலும் இருக்கிறது. அது இலவச ஆப், எப்போதும் ஒன்றிரண்டு மணி நேரம் பழைய நிலவரத்தைத்தான் காட்டும். அதை வைத்து நானே எதையும் சொல்ல முடியாதபோது இவர் என்ன கதை விடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போய் செக்யூரிட்டி ஆபீஸுக்கு மெயில் எழுதினேன். அனுமதி இல்லாமல் கப்பல் தகவல் பெறுகிறார், அனுமதி இல்லாமல் வழியில் வண்டியை நிறுத்துகிறார், விசாரணை முடியும் வரை கேட் பாஸை நிறுத்தி வைக்கவும். இரண்டு 'அனுமதி இல்லாமல்' போட்டதில் மெயிலுக்கு நல்ல கனம் வந்திருந்தது. யார் விசாரிப்பது, எப்போது முடிப்பது என்று அதில் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை செக்யூரிட்டி அவரைத் திருப்பி அனுப்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தார், என் ஜன்னல் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் பேசாமல் போகிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் வண்டிக்கு வேறு ஆள் வந்தார். பழைய ஆள் எங்கே என்று கேட்டதற்கு, ஆக்டிங் டிரைவராகக் கிடைக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார், பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார் என்றார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தியதை வேலை என்ற பேரில் தள்ளிவிட்டேன்.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பதடிப் பெட்டிகள் போக வேண்டியிருந்தது. கப்பல் வெளியே நிற்கிறது, அதற்கு முன்னால் இன்னொரு கப்பல் வரிசையில் இருக்கிறது, நம்முடையது நாளைக்குத்தான் உள்ளே வரும் என்று முந்தைய நாள் லிஸ்ட் சொன்னது. இரண்டு பெட்டி ஏற்றி முடித்து டிரெய்லர்கள் தயாராக நின்றன. மூன்றாவது மதியத்துக்குள் முடிந்துவிடும். மூன்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று நிதானமாக இருந்தேன்.

காலை ஒன்பதரைக்கு ஃபார்வர்டிங்காரரின் மெசேஜ் வந்தது. கப்பல் இன்றைக்கே உள்ளே வருகிறது, கேட் இன்று மாலை நாலு மணிக்கு மூடும். நான் வழக்கம்போல அவருடைய நாலு மணி நேரத்தைத் திருப்பிக் கூட்டினேன். இவர் நாலு என்றால் உண்மை எட்டு. எங்களிடமிருந்து துறைமுகத்துக்கு மூன்று மணி நேரம், வரிசையில் ஒரு மணி நேரம். இரண்டு மணிக்குக் கிளம்பினாலும் தாராளம். ஆனாலும் நான் நானல்லவா, அவரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன்.

"சார், நாலு மணியா? ஒழுங்கா சொல்லுங்க."

"நாலு மணி மேடம். நிஜமாவே நாலு மணி."

அந்த 'நிஜமாவே'தான் என்னைக் கெடுத்தது. அப்படியென்றால் இத்தனை வருடம் சொன்னதெல்லாம் என்ன என்று தோன்றியது. நிஜம் சொல்கிறவர் எதற்காக நிஜம் நிஜம் என்று அடித்துச் சொல்ல வேண்டும்? இன்றைக்குக் கூடுதலாகப் பஃபர் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்து போனை வைத்தேன்.

பத்து மணிக்கு டிஸ்பாட்ச் போன் அடித்தது. எல்லா கேட் ஸ்லிப்பிலும் அந்த நம்பர் இருக்கும்.

"மேடம், நாந்தான். பாஸை நிறுத்துனீங்களே, அந்த டிரைவரு."

"சொல்லுங்க."

"நீலக் கப்பலு நங்கூரம் தூக்கிக்கினு கீது மேடம். முன்னாடி நிக்கிற பச்சை நகரவே இல்ல, அதுக்கு இன்னாவோ கோளாறு போல. பைலட்டோட படகு நீலத்தாண்டதான் போவுது. உங்க பாக்ஸ் மூணும் அதுலதான் போவுதுன்னு பசங்க சொன்னானுங்க. ஏத்தனதை இப்பவே அனுப்பிடுங்க."

"நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள். நான் இரண்டு பேரும் கூட்டு என்று கண்டுபிடித்தேன். இத்தனை நாள் தேடிய ஆள் பாரிமுனையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் இவருக்குக் கப்பல் தகவல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், இப்போது இவருக்குப் பாஸ் திரும்ப வேண்டும், அதற்காக இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். ஆப்பைத் திறந்து பார்த்தேன். கப்பல் நங்கூரத்தில் நிற்பதாகவே காட்டியது. அது ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிற நான் அன்றைக்கு அதைப் படித்தும் விட்டுவிட்டேன்.

வண்டிகள் மூன்றும் இரண்டு மணிக்குக் கிளம்பின. துறைமுக கேட்டுக்கு ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தன. கேட் நாலு மணிக்கு மூடியிருந்தது.

பாரிமுனைக்குப் போன் செய்து கத்தினேன். அவர் கத்தவில்லை. "முன்னாடி நின்ன கப்பல் இஞ்சின்ல பிரச்சனைன்னு அதோட பெர்த்தை நம்ம கப்பலுக்குக் குடுத்துட்டாங்க மேடம். எனக்கே ஒன்பதரைக்குத்தான் தெரியும். பஃபர் போட எங்க நேரம் இருந்தது? வந்ததை அப்படியே அனுப்பிட்டேன். நிஜமாவேன்னு கூட சொன்னேனே" என்றார். பதினோரு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் உண்மை அது, அதை நான்தான் தூக்கிப் போட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே தெரிந்திருக்கிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஃபார்வர்டிங் மெசேஜ் வந்ததையும், நான் நேரத்தைத் தப்பாகக் கணித்ததையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "வேற யாராவது முன்னாடியே சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைக்கு எந்தப் பஃபரும் சமாதானம் இல்லை. பத்து மணி போனைச் சொன்னால், அந்த டிரைவர் சொன்னது சரி என்று ஆகும். அது சரி என்றால், நான் பாஸை நிறுத்தியது தப்பு என்று ஆகும். வாய் தன்னால் 'இல்ல சார்' என்றது. ஊரெல்லாம் பொய் சொல்கிறது என்று காவல் காத்துக்கொண்டிருந்தவள், கேட்ட மாத்திரத்தில் சொன்ன பொய் அது. அன்று நேராக வீட்டுக்குப் போனேன். என்ன என்று கேட்ட கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "போய் ஒரு தரம் பாத்துட்டு வந்துடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் போனோம். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், அங்கிருந்து கப்பல் தெரிகிறதா என்று சரிபார்க்கத்தான் போனேன். ஜி.பி.எஸ் காட்டிய இடம் என் போனில் இருந்தது. வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். சின்ன ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் மணல், மணலுக்குப் பின்னால் கடல். கடலில் ஐந்து கப்பல்கள் நின்றன.

அவர் இல்லை, யாருக்கோ ஆக்டிங் ஓட்டப் போயிருந்தார். அவர் மனைவி மணலில் உட்கார்ந்து கத்தியால் இறால் உரித்துக்கொண்டிருந்தார், கடலைப் பார்த்த மாதிரி. நான் யார் என்று சொன்னேன். அவர் கை ஒரு நிமிடம் நின்றது, பிறகு மறுபடியும் இறாலுக்குப் போனது.

"நீங்கதான் கப்பல் பாத்து சொல்வீங்களா?"

"ஆமா. காலைலருந்து இங்கதான குந்திக்கினு கீறேன், கண்ணுல படாம எங்க போவும்?" கத்தியாலேயே சுட்டிக் காட்டினார். "அந்த நீலம் வாரத்துக்கு ஒருக்கா வரும். சேப்பு ரெண்டு கீது, ஒண்ணுக்கு மூக்காண்ட துரு. பைலட்டோட படகு எதுக்குப் போவுதோ அதான் அடுத்தது உள்ள போவும்."

நான் என் போனை எடுத்து ஆப்பைத் திறந்து, அவர் சொன்ன ஒவ்வொரு கப்பலையும் ஒத்துப் பார்த்தேன். அவர் முன்னாலேயே பார்த்தேன். ஐந்தும் சரியாக இருந்தன. அதன் பிறகுதான் நம்பினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"எதுக்கு இதெல்லாம் பாத்து சொல்றீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "நீங்க குடுக்கற டைமுக்கு அவரு போனாருன்னா ரோட்லயே கெடப்பாரு. இங்கருந்து கூப்பிடு தூரத்துல, ஒரு நாள் முழுக்க, வண்டிலயே. இறங்கி வர முடியாது, லைன் போயிடும். சோறு இங்க ஆறிக்கினு கெடக்கும். அதான், நானே பாத்து சொல்ல ஆரம்பிச்சேன். நேரா வூட்டுக்கு வந்து ஒரு வாய் துன்னுட்டு, ஒரு மணி நேரம் காலை நீட்டிட்டு அப்புறம் போவட்டும்னு."

நான் மெயிலில் எழுதிய 'அனுமதி இல்லாமல் வழியில் நிறுத்துகிறார்' அந்த ஒரு மணி நேரம்தான். எனக்கு அழுகை வந்தது. கணவர் கடலைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை எதற்காக எனக்குப் போன் செய்தார், நான்தானே பாஸை நிறுத்தினேன் என்று கேட்டேன். "உங்களுக்காவவா பண்ணாரு? வண்டில போற பசங்க ரோட்ல நிப்பானுங்களேன்னு பண்ணாரு" என்றார். அந்த மூன்று டிரைவர்களும் அடுத்த கப்பலுக்கு கேட் திறக்கும் வரை அதே ரோட்டில்தான் கிடந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா சாப்பிட்டுப் போகச் சொன்னார். இவர் எதற்காக எனக்குச் சோறு போடுகிறார் என்று ஒரு கணம் எனக்குள் ஓடியது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேனேஜருக்கு மெயில் எழுதினேன். செவ்வாய் காலை பத்து மணிக்கே அந்த டிரைவர் எனக்குத் தகவல் சொன்னார், நான் நம்பவில்லை, கேட்டபோது மறைத்தேன், அவர் பாஸை நிறுத்தச் சொன்னதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை. இந்தத் தடவை மெயிலில் கனமான வார்த்தை ஒன்றும் போடவில்லை. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இனி மூன்று மாதத்துக்கு நான் போடுகிற ஒவ்வொரு நேரத்தையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றார். சரி என்றேன். பாஸ் வரப் பதினைந்து நாளானது. நிறுத்துவதற்கு ஒரு மெயில் போதுமாக இருந்தது, திரும்பத் தர நாலு பேர் கையெழுத்து வேண்டியிருந்தது. வண்டி முதலாளியிடம் நானே பேசினேன். இனிமேல் என் பக்கத்திலிருந்து பஃபர் இல்லை, துறைமுகம் சொல்கிற நேரத்தை அப்படியே ஸ்லிப்பில் எழுதி டிரைவர் கையிலேயே கொடுப்பேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

டிரைவர் திரும்பி வந்த நாள் பதினொரு மணி வெயில். பெட்டி ஏற்றி சீல் வைத்தாயிற்று. வழக்கமாகக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தள்ளுகிற ஸ்லிப்பை நானே வெளியே எடுத்துப்போய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், வுடுங்க" என்றார். பார்வை ஸ்லிப்பில் இருந்தது.

"கேட் ஆறு மணிக்கு மூடுது" என்றேன். "இதுல பஃபர் ஒண்ணும் கிடையாது. நிஜமாவே ஆறு மணி."

அவர் ஸ்லிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி மேடம்" என்று மரியாதையாகத் தலையாட்டினார். ஸ்லிப்பைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"இன்னாமே, அந்தச் சேப்புக் கப்பலு வெளிய நிக்குதா, உள்ள பூட்ச்சா? கொஞ்சம் பாத்து சொல்லு."